யார் பக்கத்துக் குறை?

தவக்காலம் நான்காம் ஞாயிறு: வானொலி மறையுரை



இன்றைய நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு மனிதரை இயேசுவும் சீடர்களும் வழியில் காண்கிறார்கள். சீடர்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்ததாக யோவான் எழுதவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு விளக்கம். இவர் இப்படிப் பிறந்ததற்குக் காரணம் யார் செய்த பாவம், இவருடையதா, இவரைப் பெற்றவர்களுடையதா என்று கேட்கிறார்கள். இவருமில்லை, பெற்றவர்களுமில்லை என்று சொல்லி ஆண்டவர் அந்தக் கேள்வியை அங்கேயே முடித்துவிடுகிறார்.

நாம்தான் இன்னும் முடிக்கவில்லை. 'பாவம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, "யார் பக்கத்துக் குறை?" என்று கேட்கிறோம்.

காட்டுப்பாக்கத்திலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம் போனால் பூந்தமல்லி. அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி நெடுங்காலமாக நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் வெள்ளைக் கோலோடு பேருந்தில் ஏறும்போது நாம் எழுந்து இடம் கொடுக்கிறோம். நல்லது. அவர்கள் இறங்கிப் போனதும் பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில், "பெத்தவங்க சொந்தத்துல கட்டியிருப்பாங்க" என்கிறோம். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். பல பிள்ளைகளைப் பொறுத்தவரை உண்மையே இல்லை. தாய் கருவுற்றிருந்தபோது வந்த ருபெல்லா அம்மை, குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரைக் கோளாறு, வைட்டமின் ஏ போதாமை, காலத்தில் அறுவை செய்யாத கண்புரை என்று காரணங்கள் எத்தனையோ. பரம்பரையாக வருவது அவற்றில் ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். ஏனென்றால் அதில்தான் பழி அதிகம். அந்தப் பழியும் பெரும்பாலும் தவறான ஆள்மேல் விழுகிறது.

தொடக்க நூலில் யாக்கோபின் கதை நமக்குத் தெரியும். அவர் மணந்துகொண்ட லேயாளும் ராகேலும் லாபானின் பெண்கள். லாபான் யாக்கோபின் தாய் ரெபேக்காவோடு பிறந்தவர். நம் ஊர்க் கணக்கில் தாய்மாமன் பெண்கள், முறைப்பெண்கள். அந்த மாமனாரிடம் யாக்கோபு கூலி பேசுகிறார்: மந்தையில் வரியும் புள்ளியும் உள்ள ஆடுகள் எனக்கு, மற்றவை உமக்கு. லாபான் கெட்டிக்காரர். அன்றைக்கே புள்ளி ஆடுகளையெல்லாம் பிரித்துத் தம் பிள்ளைகளிடம் ஒப்படைத்து மூன்று நாள் வழித் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார். மீந்தவை புள்ளியில்லாதவை. இனி இவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த மந்தையிலிருந்தே வரியும் புள்ளியுமாகக் குட்டிகள் பிறக்கின்றன. யாக்கோபு நட்டு வைத்த உரித்த கிளைகளைப் பார்த்துச் சினையானதால் அப்படி என்று அந்தக் காலத்து மேய்ப்பர்கள் எண்ணினார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தாயாட்டிலும் தெரியாத, கிடாவிலும் தெரியாத ஒன்று குட்டியில் தெரியக்கூடும். ஆடு மேய்க்கிற எவரும் அறிந்த செய்தி இது.

அது எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொன்னவர் ஒரு குரு. கிரகோர் மெண்டல். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அவர் படம் இருக்கும். அவர் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதைப் பிள்ளைகளிடம் நாம்தான் சொல்ல வேண்டும். 1822-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிக்கப் பணமில்லை. தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார். 1843-இல் இன்றைய செக் நாட்டிலுள்ள பெர்னோ நகரத்து மடத்தில் சேர்ந்தார். நோயாளிகளைச் சந்திக்கும் பணி கொடுத்தபோது அந்த வேதனையைக் கண்டு தாமே படுக்கையில் விழுந்தார். ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறவில்லை. பிற்காலத்தில் அந்தத் தங்கையின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தாய்மாமன் சீர் என்றால் அதுதான்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் இணைத்தார். பிறந்தவை எல்லாம் நெட்டை. குட்டை அழிந்துபோயிற்று என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். அந்த நெட்டைகளைத் தமக்குள்ளேயே இனம்பெருக விட்டார். அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. காணாமல் போனது திரும்பி வந்துவிட்டது. விதைகளின் வடிவத்தைப் பார்த்தார்: உருண்டை 5474, சுருங்கியது 1850. எதை எண்ணினாலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு பண்புக்கும் செடி இரண்டு பங்கு வைத்திருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்பது அந்த எண்களிலிருந்து தெரிந்தது. இரண்டும் வேறுவேறாக இருந்தால் ஒன்று வெளியே தெரியும், மற்றது உள்ளே ஒடுங்கியிருக்கும். தெரிவதை ஓங்கு பண்பு என்றும் மறைவதை ஒடுங்கு பண்பு என்றும் பாடப்புத்தகம் சொல்கிறது. 1865-இல் இரண்டு மாலைக் கூட்டங்களில் இதை வாசித்தார். அடுத்த ஆண்டு அச்சாயிற்று. கவனித்தவர்கள் மிகச் சிலர். 1868-இல் மடத்தின் அதிபரானார். 1884-இல் திருக்காட்சிப் பெருவிழா நாளான ஜனவரி 6 அன்று இறந்தார். 1900-இல்தான் உலகம் அவருடைய கட்டுரையைத் தேடி எடுத்தது.

ஓங்கு என்றால் உயர்ந்தது, ஒடுங்கு என்றால் தாழ்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அரிதானது என்றும் எண்ண வேண்டாம். ஓ இரத்தப் பிரிவு ஒடுங்கு பண்புதான்; தமிழ்நாட்டில் அதுதான் மிகுதி. தந்தை ஏ, தாய் பி, பிள்ளை ஓ என்று மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மனைவியைச் சந்தேகப்பட்ட கணவர்கள் உண்டு. ஏ பிரிவுத் தந்தை உள்ளே ஒரு ஓ வைத்திருக்கலாம். பி பிரிவுத் தாயும் அப்படியே. இரண்டு ஓவும் பிள்ளையில் சேர்ந்தால் பிள்ளை ஓ. பெற்றோர் இருவரும் பாசிட்டிவ், பிள்ளை நெகட்டிவ் என்றாலும் இதே கணக்குத்தான். ஒரு பெண்ணின் மானம் இரத்தப் பரிசோதனைச் சீட்டால் போகிற நிலை இருந்தால், மெண்டலின் பட்டாணியைக் கோவிலில் பேசுவது வீண் அல்ல.

பல பங்குகளில் காண்கிற ஒரு வீட்டைச் சொல்கிறோம். எந்த ஒரு குடும்பத்தையும் குறித்துச் சொல்லவில்லை. அக்கா மகளைத் தம்பி கட்டியிருக்கிறார். சொந்த ஊர் தெற்கே. வேலைக்காக அம்பத்தூர்ப் பக்கம் வந்து, காட்டுப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மூத்தவள் நன்றாக இருக்கிறாள். இளையவன் பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் இடறுகிறான். முதலில் "பாத்து நடக்க மாட்டியா" என்று அடி. பிறகு முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் மாத்திரை. கடைசியில் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிறார். விழித்திரையின் செல்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் அது. முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை குறைந்து குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும்.

அன்று இரவே வீட்டில் பேச்சு கிளம்புகிறது. "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் கெடையாது. இவ அப்பன் வழியில வந்ததுதான்." சொல்பவர் அந்தப் பெண்ணின் மாமியார். அவளைத் தூக்கி வளர்த்த அம்மாச்சியும் அவரேதான். அன்றுவரை பேத்தியாக இருந்தவள் அன்று இரவு மருமகளாகிவிடுகிறாள்.

கணக்கைப் பாருங்கள். ஒடுங்கு முறையில் வரும் நோய் என்றால் பையனுக்கு இரண்டு பங்கும் பழுதாக வந்திருக்க வேண்டும். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. அப்பாவின் பங்கு எங்கிருந்து வந்தது? அவரைப் பெற்ற அம்மாச்சியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ. பெண்ணின் அப்பன் வழி அதற்குள் நுழையவே முடியாது. அம்மாவின் பங்கும், அவள் அந்த அம்மாச்சியின் மகளுக்குப் பிறந்தவள் ஆகையால், அதே மூத்தவர்களிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. விரல் நீட்டிய திசைக்கு நேர் எதிரே இருக்கிறது பதில். அதற்காக விரலைத் திருப்பி அம்மாச்சிமேல் நீட்டலாமா? அவருக்கும் அதை யாரோ கொடுத்தார்கள், அவர்களுக்கும் யாரோ கொடுத்தார்கள். ஒரு பங்கு நல்லதாக இருந்தவரை எல்லோருக்கும் கண் தெரிந்தது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை என்று அவர் சொன்னது பொய்யும் அல்ல. ஒடுங்கி வரும் ஒன்று அப்படித்தான் வரும்.

எல்லாக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இதே விழித்திரை நோய் சில வீடுகளில் ஓங்கு முறையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்து பிள்ளைக்கு வரும். சில வீடுகளில் தாய் வழியாக மட்டும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். எந்த வகை என்பதை மூன்று தலைமுறையைக் கேட்டு எழுதி, மரபணுவைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்த வகையானாலும், கொடுத்தவர் தேர்ந்து கொடுத்தது அல்ல.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. நான்கில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்று மருத்துவர் சொன்னதும், ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பிக்கும் என்று எண்ணுகிறார்கள். நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு பிறப்புக்கும் புதிதாகப் போடுகிற சீட்டு. முந்தின சீட்டு அடுத்த சீட்டுக்குத் தெரியாது.

இந்த வேதனைக்குள் வேறொருவரும் நுழைவார். வம்சச் சாபம் இருக்கிறது, முறிக்க வேண்டும், நாற்பது நாள் ஜெபம், காணிக்கை இவ்வளவு என்பார். மூன்றாம் நான்காம் தலைமுறை என்ற வசனத்தைக் கையில் வைத்திருப்பார். தந்தையர் தின்ற புளித்த திராட்சையால் பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனி வாயெடுக்கக் கூடாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் தம் பதினெட்டாம் அதிகாரத்தில் தடுத்ததை அவர் வாசிக்க மாட்டார். ஜெபம் செய்யுங்கள், வேண்டாம் என்று எந்தக் குருவும் சொல்லமாட்டார். நிலத்தை அடகு வைத்துச் சாபம் முறிக்கப் போகாதீர்கள்.

சரி, சொந்தத்தில் கட்டுவது தவறா? நம் மக்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். பெண் தெரியாத வீட்டுக்குப் போய்க் கண் கலங்கக் கூடாது. நிலம் துண்டாகக் கூடாது. தம்பிக்கும் அக்காவுக்கும் உறவு விட்டுப்போகக் கூடாது. இவையெல்லாம் அன்பிலிருந்து வந்த காரணங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணந்தவர்கள். நாடு முழுவதுக்குமான அளவு 11. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குக் கடுமையான பிறவிக் குறை இருக்கும் என்றால், அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் அது ஏறக்குறைய இருமடங்கு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அச்சுறுத்தும் எண் அல்ல. ஒதுக்கித் தள்ளும் எண்ணும் அல்ல.

ஆனால் அரிய ஒடுங்கு நோய்களை மட்டும் தனியே பார்த்தால் வேறுபாடு பெரிது. நூறு பேரில் ஒருவர் ஒரு பழுதான பங்கை மறைவாகச் சுமக்கிறார் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால், இருவருமே சுமப்பவர்களாக இருப்பது பத்தாயிரத்தில் ஒரு ஜோடி. மாப்பிள்ளை சுமப்பவராக இருந்து அக்கா மகளைக் கட்டினால், அவளும் அதையே சுமப்பதற்கு நூறில் ஒன்று அல்ல, நான்கில் ஒன்று வாய்ப்பு. ஆக நானூறில் ஒரு ஜோடி. இருபத்தைந்து மடங்கு. நம் ஒவ்வொருவர் உடலிலும் இப்படி மறைவாக ஒன்றிரண்டாவது உண்டு. சுத்தமான வம்சம் என்று எந்த வீட்டையும் சொல்ல முடியாது.

திருச்சபைச் சட்டம் இதைப் பற்றிச் சொல்வதைப் பலர் ஓலை எழுத வரும்போதுதான் கேட்கிறார்கள். 1983-இன் சட்டத் தொகுப்பில் 1091-ஆம் சட்டம் பக்க வழி உறவில் நான்காம் படி வரை திருமணத் தடை வைக்கிறது. தாய்மாமனும் அக்கா மகளும் மூன்றாம் படி. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. விதிவிலக்கு பெறாமல் அத்திருமணம் செல்லாது. மெண்டலுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன், 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கமும் இதைப் பேசியது. அன்று மரபணு யாருக்குத் தெரியும்? புனித அகுஸ்தீன் கடவுளின் நகரம் என்ற தம் நூலில் சொல்லும் காரணம் நமக்குப் பிடித்தது: ஒரே ஆளே மாமனும் மாமனாருமாக இருந்தால் அன்பு ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றும், அது இருவராக இருந்தால் அன்புக்கு இன்னொரு வீடு கிடைக்கும். அவர் பெயரைத் தாங்கிய சபையின் துறவிதான் பிற்பாடு பட்டாணி எண்ணினார்.

"சொந்தத்துல பாக்கல ஃபாதர், வெளியில பாத்தோம்" என்பார்கள். கேட்டால் அதே சாதி, அதே வட்டாரம், நாலைந்து கிராமத்துக்குள்ளே. 2017-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். 81 குழுக்கள் மிகச் சில முன்னோர்களிலிருந்து பெருகி, பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்தவை என்று கண்டார்கள். பெயருக்கு அந்நியர், உள்ளுக்குள் உறவினர். சாதிக்குள்ளேதான் கட்ட வேண்டும் என்பதை நற்செய்தி ஏற்கவில்லை என்று எத்தனையோ ஞாயிறுகளில் சொல்லியாயிற்று. இன்று பட்டாணியும் அதையே சொல்கிறது. அதையாவது கேட்பார்களா பார்ப்போம்.

ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் கலங்க வேண்டாம். கர்ப்பமாவதற்கு முன்போ, ஆன உடனேயோ மருத்துவரிடம் "நாங்கள் சொந்தம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் மரபியல் துறை இருக்கிறது. கண்ணுக்கு நூம்பலில் அரவிந்த், நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா. ஒரு பிள்ளைக்குக் குறை தெரிந்தால் உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். இருட்டில் இடறுகிற பிள்ளையை அடிக்காதீர்கள். இந்த விழித்திரை நோயின் பெரும்பாலான வகைகளுக்கு இன்று பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. 2017-இல் அமெரிக்காவில் ஒரேயொரு மரபணு வகைக்கு ஊசி வழிச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. விலை நம் கைக்கு எட்டாதது. ஆனால் பிரெய்ல் இருக்கிறது, பேசும் கைப்பேசி இருக்கிறது, பூந்தமல்லியில் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு நம் பரிதாபம் வேண்டியதில்லை. வேலை கொடுத்தால் போதும்.

கல்யாணம் பேசுகிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அடித்து, ஓலை எழுத வரும் அன்று "அக்கா பொண்ணுதான் ஃபாதர்" என்று சொல்லாதீர்கள். தட்டு மாற்றுவதற்கு முன்பே பங்குத்தந்தையிடம் வாருங்கள், மருத்துவரிடமும் போங்கள். பெண்ணையும் பையனையும் தனித்தனியே, அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். வரும்போது ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதி எடுத்து வாருங்கள்: யார் யாருக்குப் பிறந்தவர், சின்ன வயதில் இறந்தவர்கள் யார், கண்ணோ காதோ குறைந்தவர்கள் யார். வெட்கப்பட்டு எந்தப் பெயரையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.